முடிவு தெரிந்த உளவுக் கதை ஏன் இன்னும் பதற வைக்கிறது?

மாலைவாசகன் கேட்கிறார்:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

பிரெடரிக் ஃபோர்சைத் எழுதி 1971இல் வெளிவந்த 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவலைப் போன வாரம் மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். பிரான்சின் குடியரசுத் தலைவர் சார்லஸ் தெகோலைக் கொல்வதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை அது. தெகோல் எவருடைய குண்டுக்கும் பலியாகவில்லை; 1970 நவம்பரில் தம் வீட்டில்தான் இறந்தார். நாவல் அச்சேறியபோதே வாசகர்கள் அனைவரும் அதை அறிந்திருந்தார்கள். ஆகவே கொலை முயற்சி தோற்கும் என்பது அட்டையைத் திறப்பதற்கு முன்பே தெரிந்த ஒன்று. நானோ கதையை ஏற்கெனவே இருமுறை படித்தவன். அப்படியிருந்தும், கடைசி அத்தியாயத்தில் முதிய போர்வீரர் ஒருவரின் நெஞ்சில் பதக்கத்தைக் குத்திவிட்டு, அவரைக் கன்னத்தில் முத்தமிடுவதற்காக உயரமான தெகோல் சட்டெனக் குனிகிற அந்த நொடியில், புத்தகத்தைப் பிடித்திருந்த என் விரல்கள் இறுகிப்போயின. குறிபார்த்த குண்டு மயிரிழையில் தலைக்குப் பின்னால் கடந்து போகிறது. அது அப்படித்தான் போகும் என்று தெரிந்திருந்தும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அந்தப் பத்தியைக் கடந்தேன்.

துப்பறியும் கதைகளில் எனக்கு இது நேர்வதில்லை. கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். உளவுக் கதைகளையும் உளவுப் படங்களையும் மட்டும் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறேன்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உளவுக் கதை பனிப்போரின் பிள்ளை என்றும், 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறக்கப்பட்டு, 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமும் கலைந்த பிறகு அதற்கு வாழ்வில்லை என்றும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கணிப்பு பலிக்கவில்லை. முடிவு தெரிந்த கதையும் முடிந்துபோன போரும் நம்மை இன்னும் பிடித்து வைத்திருப்பது எதனால்? உங்கள் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதினால் மகிழ்வேன்.

வெண்திரை எழுதுகிறார்:

மாலைவாசகன் அவர்களே, உங்கள் விரல்கள் இறுகியதற்கான காரணத்தை இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எப்போதோ சொல்லிவிட்டார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1962இல் அவரோடு பல நாள் அமர்ந்து எடுத்த நீண்ட நேர்காணலில் அந்த விளக்கம் வருகிறது. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, யாரும் எதிர்பாராமல் மேசைக்கடியில் இருந்த குண்டு வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு அங்கே இருப்பதையும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் பார்வையாளருக்கு முதலிலேயே காட்டிவிட்டால், மேசையில் இருப்பவர்களின் வெற்றுப் பேச்சே பதினைந்து நிமிடப் பதற்றமாகிவிடுகிறது. தெரியாமை அதிர்ச்சியைத் தருகிறது. பதற்றமோ தெரிந்திருப்பதால் வருகிறது. ஆகவே முடிவு தெரிந்திருப்பது உளவுக் கதைக்கு ஒரு குறையே இல்லை.

கோட்பாட்டைச் சொல்வதைவிட ஒரு காட்சியைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஹிட்ச்காக்கின் 'நட்டோரியஸ்' (1946) படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இங்க்ரிட் பெர்க்மன் ஏற்ற அலீசியா, உளவு வேலைக்காகவே ரியோ டி ஜெனிரோவில் ஒரு நாஜியைத் திருமணம் செய்துகொண்டிருக்கிறாள். வீட்டில் பெரிய விருந்து. மதுப் புட்டிகள் வைத்திருக்கும் நிலவறையின் சாவியைக் கணவனின் சாவிக்கொத்திலிருந்து அவள் எடுத்துவிட்டாள். கேமரா மாடியின் உயரத்திலிருந்து கூடத்தையும் விருந்தினர் கூட்டத்தையும் முழுமையாகக் காட்டுகிறது. பிறகு மெல்ல மெல்லக் கீழிறங்கி, அந்தக் கூட்டத்துக்கு நடுவே சிரித்த முகத்தோடு நிற்கும் அலீசியாவை நெருங்கி, அவளுடைய கையை நெருங்கி, இறுதியில் அந்த உள்ளங்கைக்குள் பதுங்கியிருக்கும் சாவி திரையை நிறைக்கும் வரை வந்து நிற்கிறது. அந்தக் கூடத்தில் இருக்கும் விருந்தினர் ஒருவருக்கும் தெரியாத ஒன்று இப்போது நமக்குத் தெரியும். அந்த நொடியிலிருந்து நாம் பார்வையாளர் என்ற இடத்தை விட்டு அவளோடு சேர்ந்து ஒளித்து வைப்பவர்களாகி விடுகிறோம்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். விருந்தில் பரிமாறப்படும் ஷாம்பெயின் தீர்ந்துவிட்டால், மேலும் புட்டிகள் எடுக்கக் கணவன் நிலவறைக்குப் போக நேரும்; போனால் சாவி காணாமற்போனது தெரிந்துவிடும். ஆகவே விருந்தினர் கோப்பையை நீட்டும் ஒவ்வொரு முறையும், பனிக்கட்டிக்குள் மிச்சமிருக்கும் புட்டிகளை நாம் எண்ணத் தொடங்குகிறோம். ஒருவரும் துப்பாக்கியை எடுக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. மனிதர்கள் மது அருந்துகிறார்கள், அவ்வளவே. நமக்கோ நெஞ்சு அடைக்கிறது.

நிலவறையில் ஒளித்து வைக்கப்பட்டிருப்பது யுரேனியத் தாது. ஹிரோஷிமாவுக்கு மறு ஆண்டு வெளிவந்த படத்தில் அதைவிடப் பெரிய இரகசியம் இருக்க முடியாது. ஆனால் ஹிட்ச்காக்குக்கு அது கதையை நகர்த்தும் ஒரு சாக்கு மட்டுமே. படத்தைப் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், தாதுவைப் பலர் மறந்திருப்பார்கள். சாவியை மறந்தவர் இருக்க மாட்டார். பனிப்போர் முடிந்தும் உளவுக் கதை முடியாததற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். எந்த நாட்டின் எந்த இரகசியம் என்பது காலத்தோடு மாறிவிடும்; மூடிய கைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் சிரிக்க வேண்டிய நிலை மாறுவதில்லை.

அடிக்குறிப்பு எழுதுகிறார்:

வெண்திரை அவர்கள் சொன்ன சாவிக் காட்சி பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதற்றம் என்ற ஒன்றே உளவுக் கதையை நிலைநிறுத்துகிறது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பதற்றம் குறைந்த, ஏறக்குறைய நிகழ்ச்சிகளே இல்லாத உளவு நாவல்களையும் நாம் மறுபடி மறுபடி படிக்கிறோம். அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஜான் லெ காரேயின் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1963) நாவலை எடுத்துக்கொள்கிறேன். இனி எழுதப்போவதில் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்பதால், படிக்காதவர்கள் இந்த இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெர்லினில் பணியாற்றும் பிரிட்டிஷ் உளவு அதிகாரி அலெக் லீமஸ், கிழக்கிலிருந்து சைக்கிளில் எல்லையைக் கடந்து வரும் தன் கடைசி ஆளுக்காகச் சோதனைச் சாவடியில் காத்திருக்கிறான். அவன் கண் முன்னாலேயே அந்த ஆள் சுட்டு வீழ்த்தப்படுகிறான். லண்டனுக்குத் திரும்பும் லீமஸிடம் 'கன்ட்ரோல்' என்று அழைக்கப்படும் தலைமை அதிகாரி இன்னும் ஒரே ஒரு வேலை கேட்கிறார். குடித்துச் சீரழிந்து, வேலையிழந்து, சிறைக்கும் போய் வந்தவனாக அவன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எதிரி அவனை விலைக்கு வாங்க வருவான். அவன் வழியாகக் கிழக்கு ஜெர்மனியின் உளவு அதிகாரியான முண்ட் என்பவனை ஒழித்துவிடலாம். இதுவே லீமஸுக்குச் சொல்லப்பட்ட திட்டம். உண்மையில் முண்ட் லண்டனின் ஆள். அவனைச் சரியாகச் சந்தேகித்த ஃபீட்லர் என்பவனை அழித்து முண்டைக் காப்பாற்றுவதே திட்டத்தின் நோக்கம். அது லீமஸுக்கே தெரியாது; தெரிந்திருந்தால் அவனால் அத்தனை உண்மையாக நடித்திருக்க முடியாது.

முதல் முறை படிக்கும்போது நாம் லீமஸின் தோளுக்குப் பின்னால் நின்று அவனோடு சேர்ந்து ஏமாறுகிறோம். இரண்டாம் முறை படிக்கும்போது அதே சொற்கள் வேறு பொருள் கொள்கின்றன. தொடக்கத்தில் கன்ட்ரோல் கனிவாக விசாரிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் இப்போது ஒரு மனிதனைப் பலியிடுவதற்கு முன் அவனுடைய உறுதியை அளந்து பார்க்கும் கோலாகத் தெரிகிறது. லண்டனிலிருந்து முண்ட் முன்பு அவ்வளவு எளிதாகத் தப்பியது எப்படி என்ற செய்தி, முதல் வாசிப்பில் கடந்துபோன ஒரு வரி; இரண்டாம் வாசிப்பில் நம் கண்ணைக் குத்துகிறது. நூலகத்தில் வேலை செய்யும் லிஸ் என்ற அந்த எளிய பெண், லீமஸ் மீது வைத்த அன்பினாலேயே சூழ்ச்சியின் கருவியாகிறாள் என்பது தெரிந்த பிறகு அவர்களுடைய முதல் சந்திப்பைப் படித்துப் பாருங்கள், தாங்க முடியாது. துப்பறியும் கதையில் விடை தெரிந்ததும் கதை தீர்ந்துவிடுகிறது. இங்கே விடை தெரிந்த பிறகுதான் கதை தொடங்குகிறது.

லெ காரே என்பது புனைபெயர். டேவிட் கார்ன்வெல் என்ற இயற்பெயருடைய அவர் பிரிட்டனின் உள்நாட்டு, வெளிநாட்டு உளவு அமைப்புகள் இரண்டிலும் பணியாற்றியவர். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்த காலத்தில் மேற்கு ஜெர்மனியின் பான் நகரத் தூதரகத்தில் இருந்தார். அவருடைய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974) நாவலில் துரத்தல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பணி ஓய்வுக்குத் தள்ளப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி என்ற நடுவயது மனிதர், ஒரு சிறிய விடுதி அறையில் அமர்ந்து இரவெல்லாம் பழைய கோப்புகளைப் புரட்டுகிறார். இடையிடையே கழுத்துப்பட்டையின் அகன்ற முனையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார். தாம் பல ஆண்டுகள் ஒன்றாகப் பணியாற்றியவர்களில் துரோகி யார் என்பதை அவர் கண்டுபிடித்தாக வேண்டும். அவருக்கு உள்ளூர விடை தெரிந்தே இருந்திருக்குமோ, தெரிந்துகொள்ள விரும்பாமல் தள்ளிப் போட்டிருப்பாரோ என்ற ஐயம் ஒவ்வொரு வாசிப்பிலும் எனக்கு வலுக்கிறது.

இந்தக் கற்பனைக்குப் பின்னால் இருந்த உண்மை கிம் ஃபில்பி. பிரிட்டிஷ் உளவுத்துறையில் சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்கே தலைமை தாங்கிய அவர், தொடக்கம் முதலே சோவியத்தின் ஆள். ஐயம் எழுந்து, 1955இல் அவருக்கு எதிராகச் சான்றில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்ட பின், தம் தாயாரின் வீட்டிலேயே செய்தியாளர்களை அழைத்துப் பேசினார். அந்தப் படச்சுருள் இன்றும் காணக் கிடைக்கிறது. ஏழாண்டுகள் கழித்து, 1963 ஜனவரியில், அவருடைய நெடுநாள் நண்பர் நிக்கலஸ் எலியட் பெய்ரூட்டுக்கே சென்று அவரை நேருக்கு நேர் விசாரித்தார். சில நாள்களில் ஃபில்பி மாஸ்கோவுக்குத் தப்பினார். இப்படி எல்லாம் தெரிந்த பிறகு அந்த 1955ஆம் ஆண்டுப் படச்சுருளைப் பாருங்கள். கேள்வி முடிந்ததும் அவர் முகத்தில் வந்து போகும் அந்தச் சிறு புன்னகையை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அதில் துரோகத்தின் தடம் ஏதேனும் தெரிகிறதா என்று தேடுகிறேன், ஒன்றும் தெரிவதில்லை. முடிவு தெரிந்த உளவுக் கதைக்கு நாம் திரும்பி வருவது இந்தத் தேடலுக்காகத்தான் என்பது என் துணிபு. நம்பியவரை மறுபடி பார்த்து, எந்த இடத்தில் நாம் கவனித்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக.

மழைக்குருவி எழுதுகிறார்:

அடிக்குறிப்பு ஐயா, உங்கள் கடைசி வரி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. துரோகத்தை நீங்கள் பேசிவிட்டீர்கள். பொய்யை உருவாக்கும் உழைப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனெனில் என்னை இந்தக் கதைகளுக்குள் இழுத்தது அதுதான்.

1943 ஏப்ரல் 30 அன்று ஸ்பெயினின் உவெல்வா கடற்கரைக்கு அருகே ஒரு பிணத்தை பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் கடலில் விட்டது. பிணத்துக்கு மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயரிட்டு, சீருடை அணிவித்து, இடுப்போடு ஒரு பெட்டியையும் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். நேச நாடுகள் கிரேக்கத்திலும் சார்டினியாவிலும் இறங்கப்போகின்றன என்று நம்ப வைக்கும் கடிதங்கள் அந்தப் பெட்டியில் இருந்தன. உண்மையான குறி சிசிலி. இந்தக் கதையைப் பலர் அறிவீர்கள். நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது பெட்டியை அல்ல, அந்தப் பிணத்தின் சட்டைப்பைகளை.

பைகளில் நாடக அரங்கின் கிழித்த நுழைவுச் சீட்டுகள் இருந்தன. கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துவிட்டதாக வங்கி எழுதிய கடிதம், நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் பணம் கேட்டு நகைக்கடை அனுப்பிய சீட்டு, மணக்கவிருந்த பெண்ணின் புகைப்படம், அவள் எழுதிய இரண்டு காதல் கடிதங்கள் ஆகியவையும் இருந்தன. அப்படி ஒரு பெண்ணே கிடையாது. படம் உளவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளம்பெண்ணுடையது. கடிதங்களை எழுதியவர் அதே அலுவலகத்தைச் சேர்ந்த இன்னொரு பெண். காதலன் ஒருவன் அந்தக் கடிதங்களை எத்தனை முறை பிரித்துப் படித்திருப்பானோ அத்தனை முறை அவற்றை மடித்தும் பிரித்தும் தாளைத் தளர வைத்தார்கள். புதுச் சீருடை புதிதாகத் தெரியக் கூடாது என்பதற்காக ஓர் அதிகாரி அதைச் சில காலம் தாமே உடுத்திப் பழக்கினார். ஜெர்மானியத் தலைமை அந்தப் பொய்யை நம்பியது. ஜூலை 10 அன்று நேச நாடுகளின் படைகள் சிசிலியில் இறங்கின.

நாளிதழில் வரும் போர்ச் செய்தி எனக்கு இந்த உணர்வைத் தருவதில்லை. மடித்து மடித்துத் தளர்ந்த அந்தத் தாள் தருகிறது. ஒரு மனிதன் உண்மையாகவே வாழ்ந்தான் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம்? கடனையும் சில்லறைக் கவலைகளையும் வைத்துத்தான். நல்ல உளவுக் கதை நம் அன்றாட வாழ்வின் இந்தச் சிறு பொருள்களைப் புதுக் கண்ணோடு பார்க்கச் செய்கிறது. படித்து முடித்த பிறகு சில நாள்களுக்கு என் கைப்பையில் கிடக்கும் பழைய சீட்டுகளைக்கூட எடுத்துப் பார்ப்பேன்: இவற்றை மட்டும் கண்டெடுக்கும் ஒருவர் என்னை எப்படிப்பட்டவள் என்று நினைப்பார்?

ஒரு வருத்தத்தையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கதைகளில் வரும் பெண் உளவாளி பெரும்பாலும் மயக்குபவளாகவோ காட்டிக்கொடுப்பவளாகவோதான் வருகிறாள். உண்மை அதைவிடப் பெரியது. சிறுவர்களுக்கான கதைகள் எழுதிக்கொண்டிருந்த நூர் இனாயத் கான், 1943 ஜூனில் நாஜிகள் பிடியிலிருந்த பிரான்சுக்குள், வானொலிக் கருவி வழியே பிரிட்டனுக்கு இரகசியச் செய்திகளை அனுப்பும் உளவாளியாக இறக்கப்பட்டார். அவரைச் சார்ந்த குழுவினர் ஒவ்வொருவராகப் பிடிபட்டபோது திரும்பி வந்துவிடுமாறு சொல்லப்பட்டும் அவர் மறுத்துவிட்டார். கனத்த கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி மாறிச் செய்திகளை அனுப்பினார். அனுப்பிய செய்திகளின் படிகளை அழிக்காமல் ஒரு குறிப்பேட்டில் வைத்திருந்தார். காட்டிக்கொடுக்கப்பட்டு அக்டோபரில் பிடிபட்டபோது அந்தக் குறிப்பேடும் எதிரி கைக்குப் போனது. 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வீரமும் பிழையும் ஒரே ஆளிடம், ஒரே குறிப்பேட்டில். இப்படிப்பட்ட மனிதர்களைத்தான் இந்த வகைமையில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன், அரிதாகவே கிடைக்கிறார்கள்.

மாலைவாசகன் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. குறிப்பேட்டின் கதையைப் படித்துவிட்டு உடனே எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. சாவியும் கோப்பும் கடிதமும் சரி. ஆனால் உலகம் முழுவதும் மிகப் பெரும்பாலோர் உளவாளி என்றதும் நினைப்பது ஜேம்ஸ் பாண்டை அல்லவா? 1962இல் முதல் படம் வந்ததிலிருந்து அந்த வரிசை இன்னும் ஓயவில்லை. அங்கே நம்பிக்கையும் துரோகமும் எங்கே இருக்கின்றன? காரும் கருவியும் துப்பாக்கியும்தானே இருக்கின்றன?

அடிக்குறிப்பு எழுதுகிறார்:

படங்களைப் பொறுத்தவரை உங்கள் கருத்தில் உண்மை உண்டு. அவை பெரிதும் சாகசக் கதைகளே. நான் அவற்றையும் விரும்பிப் பார்ப்பவன்தான். ஆனால் அந்த வரிசை தொடங்கிய இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படை உளவுப் பிரிவில் பணியாற்றிய இயான் ஃபிளெமிங் 1953இல் வெளியிட்ட முதல் பாண்ட் நாவல் 'கசினோ ராயல்'. சூதாட்ட மேசையில் எதிரியை வென்று, சித்திரவதையிலும் உயிர் தப்பிய பிறகு, பாண்ட் ஒரு பெண்ணை மணந்துகொண்டு வேலையையே விட்டுவிட எண்ணுகிறான். அவளோ எதிரிகளின் மிரட்டலுக்கு ஆட்பட்ட இரட்டை உளவாளி. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தைப் படிக்கிற இடத்தில்தான் நாம் அறிந்த கடினமான, யாரையும் நெருங்க விடாத பாண்ட் பிறக்கிறான். ஆக, அந்த ஆரவாரத்துக்கு அடியிலும் மாறாமல் இருப்பது நம்பி ஏமாந்த ஒரு மனிதனின் காயம்தான்.

மழைக்குருவி அவர்கள் சொன்ன பிணத்தின் கதையோடும் ஃபிளெமிங்குக்குத் தொடர்பு உண்டு. எதிரியை ஏமாற்றும் வழிகளைப் பட்டியலிட்டு 1939இல் கடற்படை உளவுப் பிரிவு தயாரித்த குறிப்பு ஒன்றில், பொய்ச் செய்தியோடு ஒரு பிணத்தைக் கிடைக்கச் செய்யலாம் என்ற யோசனை இருந்தது. அது ஒரு நாவலிலிருந்து எடுத்தது என்று அக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. அந்தக் குறிப்பை உருவாக்கியதில் ஃபிளெமிங்குக்குப் பங்கு இருந்ததாகக் கருதப்படுகிறது. இந்தத் துறையில் கதையும் நடப்பும் இப்படி ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன.

கல்வெட்டு எழுதுகிறார்:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். இரண்டாவது கேள்விக்கு இன்னும் முழு விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உளவுக் கதை பனிப்போரின் பிள்ளை என்பது சரியான கணக்கு இல்லை. 1901இல் கிப்ளிங்கும் 1903இல் எர்ஸ்கின் சில்டர்ஸும் 1907இல் ஜோசப் கான்ராடும் எழுதிவிட்டார்கள். பிரிட்டனில் எங்கு பார்த்தாலும் ஜெர்மானிய ஒற்றர்கள் இருப்பதாக வில்லியம் லெ கியூ போன்றோர் எழுதிய பரபரப்பு நாவல்கள் மக்களிடையே கிளப்பிய பீதி, 1909இல் அந்நாட்டின் இரகசியச் சேவை அலுவலகம் தோன்றுவதற்கே ஒரு காரணமாக இருந்தது. இன்றைய இரண்டு பிரிட்டிஷ் உளவு அமைப்புகளும் அதிலிருந்து கிளைத்தவையே. நாவல் முந்திக்கொண்டது, அலுவலகம் பின்னால் வந்தது.

நம் மொழியில் இந்த எண்ணம் அதைவிடவும் மிகப் பழையது. வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒற்றியறிய வேண்டும்; ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால் மட்டுமே தெளிய வேண்டும்; ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால் இரகசியத்தை நாமே வெளிப்படுத்தியதாகிவிடும் என்கிறார். ஸ்மைலி அந்த விடுதி அறையில் இரவெல்லாம் செய்தது முதல் இரண்டையும்தானே? நம்ப வேண்டிய கட்டாயமும் நம்ப முடியாத நிலையும் சேர்ந்து இருக்கும் வரை இந்தக் கதைக்குப் பொருள் குறையாது.

பெர்லின் சுவர் வீழ்ந்த பிறகு நடந்த ஒன்றையும் நினைவூட்டுகிறேன். கிழக்கு ஜெர்மனியின் உளவு அமைப்பான ஸ்டாசியில் இறுதிக் காலத்தில் சுமார் 91,000 முழுநேரப் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் தந்தவர்கள் அதைவிட அதிகம். 1992 ஜனவரியிலிருந்து குடிமக்கள் தங்களைப் பற்றிய கோப்புகளைத் தாங்களே படிக்கலாம் என்று ஆனது. தங்கள் நண்பரோ, உடன் பணிபுரிந்தவரோ, கணவரோ கூடத் தங்களைப் பற்றி எழுதிக்கொடுத்து வந்ததைப் பலர் அந்த மேசைகளில் அமர்ந்துதான் அறிந்தார்கள். போர் முடிந்தபின் கதை முடியவில்லை. அப்போதுதான் அது வாசிக்கக் கிடைத்தது.

'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' (2006) என்ற ஜெர்மானியப் படம் இந்த இடத்தைத் தொடுகிறது. 1984இல் கிழக்கு பெர்லினில் ஒரு நாடக ஆசிரியரின் வீட்டை, அதே கட்டடத்தின் பரணில் அமர்ந்து காதில் ஹெட்ஃபோனோடு ஒட்டுக்கேட்கும் ஸ்டாசி அதிகாரி ஒருவர், மெல்ல மெல்ல மனம் மாறி அவர்களைக் காக்கத் தொடங்குகிறார். நாட்டில் எல்லாம் மாறிப்போன பிறகு அந்த நாடக ஆசிரியர் தம் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். கடைசி அறிக்கையின் தாளில் ஒரு சிவப்பு மைக்கறை இருக்கிறது. தாம் இரகசியமாகப் பயன்படுத்திய தட்டச்சுப் பொறியின் நாடா சிவப்பு என்பது அவருக்குத் தெரியும். அதைத் தொட்ட விரல்தான் இந்த அறிக்கையையும் எழுதியிருக்கிறது. முகம் பார்த்திராத ஒருவர் தமக்காகச் செய்ததை அந்தக் கறையிலிருந்து அவர் படித்துக்கொள்கிறார். அடிக்குறிப்பு அவர்கள் ஃபில்பியின் புன்னகையில் தேடிக் கிடைக்காதது இங்கே தலைகீழாகக் கிடைக்கிறது: இவர் காண்பது துரோகத்தின் தடத்தை அல்ல, எதிர்பாராத விசுவாசத்தின் தடத்தை.

மாலைவாசகன் எழுதுகிறார்:

கல்வெட்டு அவர்கள் சொன்ன படத்தை நேற்றிரவே பார்த்துவிட்டேன். சிவப்புக் கறை வரும் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். ஆகவே அந்த அதிகாரி முன்னதாகத் தட்டச்சுப் பொறியை எடுத்து மறைப்பதை ஊகித்துக்கொள்ள வேண்டிய இடத்திலேயே என் கண் அவருடைய விரல்களைத் தேடத் தொடங்கிவிட்டது. தெரியாமல் பார்த்திருந்தால் இது எனக்குக் கிட்டியிருக்காது.

லெ காரேயின் 1963ஆம் ஆண்டு நாவலை நான் ஒரே முறைதான், அதுவும் பல ஆண்டுகளுக்கு முன்பு படித்திருக்கிறேன். இந்த வாரம் அதைச் சைக்கிளில் வரும் அந்த மனிதனிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். ரிச்சர்ட் பர்ட்டன் லீமஸாக நடித்த 1965ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: கன்ட்ரோல் லீமஸை அனுப்பி வைக்கும் அந்த முதல் உரையாடலில், எல்லாம் தெரிந்த ஒருவரின் முகமாக அந்த நடிகர் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாரா, அல்லது நமக்கு எதையும் காட்டாமல் மறைத்துவிடுகிறாரா?